ஊட்டியின் தாழ்வான நிலம்

ஊட்டி ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. சுற்றிலும் உள்ள சரிவுகளில் விழும் மழை வந்து சேரும் பள்ளத்தின் அடி அது. கரை உடைந்து ஏரி காலியானது ஒருமுறை மட்டுமல்ல.

பிறகு ஏரி சுருங்கியது. பேருந்து நிலையம், குதிரைப் பந்தய மைதானம், ஏரிப் பூங்கா மூன்றும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடங்கள். எஞ்சியது சுமார் 65 ஏக்கர். படகு இல்லம் 1973இல் வந்தது.

ஏரிக்குள் வருவது மழைநீர் மட்டுமல்ல. கோடப்பமந்து கால்வாய் நகருக்குள் இறங்கி, பேருந்து நிலையம் பக்கமாக வந்து ஏரியில் கலக்கிறது. வீடுகளின், விடுதிகளின் கழிவுநீர் அதில் சேர்கிறது. கழிவிலுள்ள சத்துகள் ஆகாயத்தாமரையை வளர்க்கின்றன. செடி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. கால்வாய் கொண்டுவரும் மண் அடியில் படிகிறது. படியப் படிய ஏரியின் கொள்ளளவு குறைகிறது. வழியும் நீர் காமராஜ் சாகர் அணை வழியாகச் சிகூர் ஆற்றுக்குப் போகிறது. யானைகள் குடிப்பது அந்த ஆற்றில்.

2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88,430. சீசனில் நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாக 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதன் பிறகு, உள்ளே வரும் வாகனங்களுக்கு முன்பதிவு அனுமதியான இ-பாஸ் வந்தது. இ-பாஸ் வாகனங்களை எண்ணுகிறது. கால்வாயில் கலக்கும் கழிவை அது எண்ணாது.

இனி மழை. ஊட்டியில் ஓராண்டுக்குப் பெய்வது சராசரியாக 125 செ.மீ. அளவில். 2009 நவம்பரில், ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் அடுத்தடுத்து இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் மழை 80 செ.மீ.யைத் தாண்டியது. ஊட்டி நகரின் மேல் அப்படிப் பெய்ததில்லை. இனியும் பெய்யாது என்று சொல்லிவிட முடியாது.

ஒரு சதுர கிலோமீட்டரில் 82 செ.மீ. மழை என்றால் 82 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாகக் கணக்கிட்டால் சுமார் 68,000 லாரி. கூரையும் தார்ச்சாலையும் நீரை உறிஞ்சுவதில்லை. அவற்றின் மேல் விழுவது கால்வாய்க்கு வரும். கால்வாய் தாங்காதது பேருந்து நிலையத்துக்கும் ரயில்வே பாலத்தடிக்கும் வரும். சாதாரண மழைக்கே அந்தப் பாலத்தடியில் வண்டிகள் நின்றுவிடுகின்றன.

பந்தய மைதானத்தின் 52.34 ஏக்கரை 2024 ஜூனில் அரசு மீட்டது. குத்தகை 1978லேயே முடிந்திருந்தது. நிலம் தோட்டக்கலைத் துறைக்குப் போனது, சூழல் பூங்கா அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவே, கட்டடம் ஏறாமல் மிஞ்சியிருக்கும் பழைய ஏரிநிலம் இது. இங்கே நடைபாதைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் கான்கிரீட் போடுமுன், இந்த நிலம் எத்தனை லிட்டரைத் தாங்கும், கான்கிரீட் போட்டபின் எத்தனை லிட்டரைத் தாங்கும் என்ற இரண்டு எண்களை அரசு வெளியிட வேண்டும். ஊட்டி மக்கள் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.