நல்ல மனசும் சிவப்பு மையும்: சமூகப்பணி முதுநிலைப் படிப்பு எதைக் கற்றுக்கொடுக்கிறது?

ஹெப்பாள் என்றதும் நம்மில் பலருக்குப் பெங்களூரு விமான நிலையம் போகும் வழியில் இருக்கும் மேம்பாலம்தான் நினைவுக்கு வரும். மைசூரிலும் ஒரு ஹெப்பாள் இருக்கிறது. வெளிவட்டச் சாலையை ஒட்டிய பகுதி. ஓர் ஏரி, தொழிற்பேட்டை, இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம், இவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். காலை ஷிப்ட் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகளால் சாலை நிறைந்துவிடும்.

அந்தச் சாலையோரத்தில்தான் சுவாமி விவேகானந்தர் இளைஞர் இயக்கத்தின் தலைமையகமும் இருக்கிறது. மைசூர் மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் 1984இல் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இது. எச்.டி. கோட்டே வட்டாரத்தில் கபினி அணைக்காகவும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகவும் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஜேனு குறும்பர், காடு குறும்பர் குடும்பங்களிடையே மருத்துவ உதவியில் தொடங்கியது வேலை. பிறகு ஹொசஹள்ளியில் பழங்குடிக் குழந்தைகளுக்கான பள்ளி, சரகூரில் மருத்துவமனை, வாழ்வாதாரத் திட்டங்கள் என்று விரிந்தது. கடைசியில் அது ஹெப்பாளில் பயிற்சி நிறுவனமாகவும் வந்து நின்றது. ‘வி-லீட்’ என்று அழைக்கப்படும் அந்த நிறுவனம், மைசூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து மேம்பாட்டு மேலாண்மையில் முதுநிலைப் படிப்பையும் நடத்தியிருக்கிறது.

டாக்டர்கள் தொடங்கிய தொண்டு அமைப்பு ஏன் வகுப்பறை கட்ட வேண்டும்? கஷ்டப்படுகிறவருக்கு உதவ ஒரு முதுநிலைப் பட்டம் எதற்கு? மகளோ மகனோ சமூகப்பணி முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போவதாகச் சொல்லும்போது வீட்டில் எழும் முதல் கேள்வியும் இதுதான்: “சேவை செய்யறதுக்குப் படிப்பு வேறயா?”

நாக்பாடாவில் தொடங்கிய பாடம்

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிட்டத்தட்ட தொண்ணூறு வயது. மும்பையின் நாக்பாடா பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்கான மையம் ஒன்றை நடத்திவந்த அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபர்டு மான்ஷார்ட், தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று வாதாடினார். டாடா அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. 1936இல் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி பிறந்தது. பட்டதாரிகளுக்கு மட்டுமே இடம். மான்ஷார்ட்தான் முதல் இயக்குநர். இன்று டிஸ் என்று எல்லோரும் அழைக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான்.

தெற்கில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். எழும்பூர் காசா மேஜர் சாலையில் இன்றும் அது நடக்கிறது. 1960இல் மங்களூரில் ரோஷ்ணி நிலையா வந்தது. ஹெப்பாளிலிருந்து சற்றுத் தொலைவில், மைசூர் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்திலும் சமூகப்பணிக்கென்று தனித் துறை உண்டு. எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரும் பெரும்பாலான கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு விண்ணப்பிக்கலாம். பி.காம். படித்தவரும் தாவரவியல் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்காருவது இங்கே சகஜம்.

நான்கு செமஸ்டர், இரண்டு கால்

வழக்கமாக இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். வகுப்பறையில் சமூகவியல், உளவியல், சட்டம், ஆய்வுமுறை எல்லாம் உண்டு. அவற்றோடு இந்தத் தொழிலுக்கே உரிய வழிமுறைகளும் உண்டு: ஒருவரோடும் அவர் குடும்பத்தோடும் வேலை செய்வது ‘கேஸ் வொர்க்’, பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி வேலை செய்வது ‘குரூப் வொர்க்’, ஒரு தெருவையோ ஊரையோ ஒன்றுதிரட்டுவது சமுதாய அமைப்பு. இரண்டாம் ஆண்டில் மாணவர் ஒரு சிறப்புப் பிரிவுக்குள் போவார். மருத்துவ-மனநல சமூகப்பணி, சமுதாய மேம்பாடு, குடும்பம்-குழந்தை நலம், மனிதவளம் ஆகியவை பரவலாக உள்ளவை.

இது படிப்பின் ஒரு கால்தான். இன்னொரு கால் களப்பணி. மாணவர்கள் வாயில் அது ‘ஃபீல்டு வொர்க்’. பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. ஒரு மருத்துவமனையிலோ பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ தொழிற்சாலையிலோ இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ‘ஏஜென்சி’ என்று பெயர். முதல் சில வாரங்கள் பார்வையிடல், நடுவில் கிராம முகாம், கடைசியில் ஒரு மாத அளவில் தொடர்ந்து ஒரே இடத்தில் ‘பிளாக் பிளேஸ்மென்ட்’.

இதற்கு மைசூர் நல்ல ஊர். பேச்சுக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ என்றால் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள் என்றால் ஹெப்பாளை அடுத்த ஹூட்டகள்ளியில் ‘ஒடநாடி’ அமைப்பு. தொழிலாளர் நலம் என்றால் தொழிற்பேட்டையே பாடப்புத்தகம். பழங்குடியினர் என்றால் எச்.டி. கோட்டே. இங்கே படிக்க வரும் தமிழ்நாட்டு மாணவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வகுப்பில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம், களத்தில் கன்னடம் பேசாமல் ஒரு திண்ணையில்கூட உட்கார முடியாது.

ஒரு பக்கமும் மூன்று கேள்விகளும்

களப்பணி முடிந்து வந்ததும் மாணவர் அன்றன்றைக்கு அறிக்கை எழுத வேண்டும். வாரம் ஒருமுறை மேற்பார்வை ஆசிரியர் தனியாக உட்கார வைத்து அதைப் படிப்பார். இந்தத் தனிச் சந்திப்பை ‘ஐ.சி.’ (இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) என்பார்கள். வெளியாட்களுக்கு இது ஏதோ வீட்டுப்பாடம் போலத் தெரியும். படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எப்படி என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் செமஸ்டர் மாணவி ஒருத்தி ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஓர் ஒண்டுக்குடித்தன வரிசைக்குப் போகிறாள். வேறு மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா லோடு இறக்குகிறார், அம்மா ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. பதின்மூன்று வயதுப் பையன் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறான். மாணவி கலங்கிப்போய், பர்ஸிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். இரவு இப்படி எழுதுகிறாள்: “தந்தை குடிகாரர், பொறுப்பற்றவர். தாய் அப்பாவி. பையனுக்குப் படிப்பில் ஆர்வமில்லை.”

மறுவாரம் அந்தப் பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. மூன்று வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: “பார்த்ததா, கேட்டதா, நினைத்ததா?” அப்பா குடித்திருந்ததை அவள் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. ‘அப்பாவி’ என்பது அவளாக நினைத்தது. ஆர்வமில்லை என்பதைப் பையனிடம் கேட்கவே இல்லை. இருநூறு ரூபாயைப் பற்றி ஓரத்தில் தனியாக ஒரு வரி: “அடுத்த வாரம் யார் கொடுப்பார்?”

அவள் மறுபடியும் போகிறாள். இந்த முறை பையனிடம் பேசுகிறாள். ஊர் மாறி வந்தபோது பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்கவில்லை. புதிய பள்ளியில் டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்துபார்த்துக் கைவிட்டுவிட்டார். பையனுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை, காகிதம்தான் இல்லை.

ஆறு முதல் பதினான்கு வயது வரையான குழந்தைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம், 2009, இதற்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கிறது: மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. சட்டம் தெரிந்த மாணவி இப்போது தலைமையாசிரியர் முன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கலாம். பேச வேண்டியவர் அப்பாதான். அவருக்குப் பின்னால் நிற்கக் கற்றுக்கொள்வதும் பாடத்தில் சேர்த்தி.

இருநூறு ரூபாய் கொடுத்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முதல் அறிக்கையோடு நின்றிருந்தால், ஒரு நல்ல மனசு ஒரு தகப்பனை எழுத்தில் குற்றவாளியாக்கிவிட்டுப் போயிருக்கும். பையனும் வீட்டிலேயே இருந்திருப்பான்.

அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

பட்டம் வாங்கியபின் இதே மாதிரிப் பக்கங்களை நீதிமன்றம் படிக்கும். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர் ஒருவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வந்தால், நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ முதல் ஆஜரிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். வீடு, பள்ளி, நண்பர்கள், குற்றம் நடந்த சூழல் எல்லாம் அதில் இருக்கும். பையன் வீட்டுக்குப் போகலாமா, காப்பகத்தில் இருக்க வேண்டுமா என்ற முடிவில் அந்தக் காகிதத்துக்குக் கனம் உண்டு. ‘பொறுப்பற்ற தந்தை’ என்று போகிறபோக்கில் எழுதிய ஒரு சொல் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் எங்கே பட்டம் கேட்கிறது?

இங்கேதான் நம் நாட்டு நிலைமை விசித்திரமாக இருக்கிறது. சில கதவுகளில் சட்டம் பட்டத்தை அழுத்தமாகக் கேட்கிறது. சில கதவுகள் திறந்தே கிடக்கின்றன.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல சமூகப் பணியாளர் யார் என்று வரையறுத்திருக்கிறது: சமூகப்பணியில் முதுநிலை, அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ் இந்தப் பயிற்சிக்குப் பேர்போன இடம். எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்தியபோது இந்தத் துறை திகைத்துப் போனது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கிடைத்தது. இந்தப் பாதையை நினைப்பவர்கள் புதிய அறிவிப்புகளைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

தொழிற்சாலைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. எம்.எஸ்.டபிள்யூ. படித்த பல தலைமுறையினர் ஆலைக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. ஹெப்பாள் போன்ற தொழிற்பேட்டைகளில் நடுத்தர ஆலைகளுக்கும் இனி இந்தப் பதவி தேவைப்படும்.

இளைஞர் நீதிச் சட்டத்தில், குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர் தகுதியில் சமூகப்பணிப் பட்டம் இடம்பெற்றிருக்கிறது. அதே சட்டத்தில் இளைஞர் நீதிக் குழுமத்தைப் பற்றிச் சொல்லும் பிரிவோ, ‘சமூகப் பணியாளர்’ என்று இரண்டு பேரைக் கேட்டுவிட்டு, பட்டங்களை அடுக்கும்போது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் என்று நிறுத்திக்கொள்கிறது. சமூகப்பணி என்ற சொல்லே அந்த வரிசையில் இல்லை. பட்டம் இல்லாதவர் குழந்தைகளுக்காக ஏழாண்டு தீவிரமாக வேலை செய்திருந்தாலும் போதும்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் போல, சமூகப் பணியாளர் எல்லோருக்கும் பொதுவான பதிவு மன்றம் இந்தியாவில் இல்லை. அரசியல்வாதியின் விளம்பரத் தட்டியிலும் ‘சமூகப் பணியாளர்’ என்று போட்டுக்கொள்ளலாம். யாரும் தடுக்க முடியாது. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே குற்றம். இங்கே ஒரு சின்ன வெளிச்சம், 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம். அதன் பட்டியலில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மருத்துவ, மனநலத் துறைகளுக்கு வெளியே வேலை செய்கிறவருக்கு அதுவும் பொருந்தாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

பெயரைக் காக்கச் சட்டம் இல்லாதபோது, பட்டத்துக்கு மதிப்பைக் கொடுப்பது பயிற்சியின் தரம் மட்டும்தான். அதனால் சேருவதற்கு முன்பு சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பட்டத்தின் பெயர். மேம்பாட்டு மேலாண்மையும் சமூகப்பணியும் பக்கத்துப் பக்கத்து வயல்கள். நடுவில் வரப்பு உண்டு. திட்டம் தீட்டி நடத்தும் வேலைக்கு முன்னது பொருந்தும். மனநலப் பயிற்சிக்கும், அறிவிப்பில் ‘எம்.எஸ்.டபிள்யூ.’ என்றே கேட்கும் பதவிகளுக்கும் பின்னது வேண்டும்.

அடுத்தது சம்பளம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற அரசுத் திட்டங்களில் பல பதவிகள் ஒப்பந்த அடிப்படையிலானவை. மனிதவளப் பிரிவுக்குக் கூட்டம் கூடுவதற்கு இது ஒரு காரணம். கடன் வாங்கிப் படிக்கிற குடும்பம் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ போன்ற தொலைநிலை வழியும் இருக்கிறது. அங்கும் களப்பணி உண்டு. யார் மேற்பார்வையிடுவார், எங்கே உட்கார்ந்து பேசுவார் என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கல்லூரிக்குப் போகும்போது கட்டடத்தையும் கையேட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, சென்ற ஆண்டுக் களப்பணி நோட்டைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பெயர்களைக் காட்ட முடியாது என்று அவர் மறுத்தால் சந்தோஷப்படுங்கள், நன்றாகக் கற்றிருக்கிறார். அப்படியானால் ஓரங்களை மட்டுமாவது காட்டச் சொல்லுங்கள். சிவப்பு மையே படாமல் பளிச்சென்று இருந்தால், வேறு கல்லூரி பாருங்கள்.