பூதப் படையில் ஒரு விஷம்!

விரல் நீளம்கூட இல்லாத உலோகப் பொம்மை. தலையில் கொம்பு, கையில் கோடாரி! இங்கிலாந்தின் நியூவார்க் ஊரில் 1979-ல் தொடங்கிய சிட்டடெல் கம்பெனி, இப்படி மாயாஜாலக் கதை வீரர்களை வார்த்து விற்றது. அந்தக் காலத்துப் பொம்மைகளைத் தேடிப்பிடித்து, ஒன்றின் தலையை அறுத்து இன்னொன்றில் ஒட்டி, பெயின்ட் அடித்து, தனிப் படையாகச் சேர்ப்பது அங்கே பலருக்கு இன்றும் ஆசைப் பொழுதுபோக்கு. மனசுக்கு நல்லதுதான். ஆனால்...

பழைய பொம்மைகள் பலவற்றில் வெள்ளீயத்தோடு விஷமான காரீயமும் கலந்திருக்கும். அறுத்து, அரத்தால் தேய்க்கும்போது வரும் தூள்தான் வில்லன்! விரலில் ஒட்டி வாய்க்குள் போய்விடும். குழந்தைகளின் உடம்பு, பெரியவர்களைவிட 4, 5 மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும்; மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

அதற்காகப் பொம்மையைத் தூக்கி எறியணுமா? வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வாயால் ஊதாதீர்கள். மேஜையை ஈரத் துணியால் துடையுங்கள். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடவே கூடாது. சாப்பிடும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள்.

பூதங்கள் அலமாரியில் நிற்கட்டும்... உடம்புக்குள் வேண்டாமே!