பச்சைக் காய்கறியும் டப்பாக் காய்கறியும்

டப்பாவில் அடைத்த காய்கறியில் சத்தே இல்லையெனச் சிலர் ஒதுக்குகின்றனர். தோட்டத்துக் காய்கறிக்கு அது ஈடே எனச் சிலர் வாதிக்கின்றனர். இரண்டும் முழு உண்மையல்ல. எந்தச் சத்து எங்கே குறைகிறது என்பதை அறிந்தே முடிவு கூற வேண்டும்.

1918-ஆம் ஆண்டில் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயக் குன்னூரில் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக்கூடம், 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கி வருகிறது. இந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சத்து அட்டவணையில் 528 இந்திய உணவுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. அவ்வெண்கள் பெரும்பாலும் சமைக்காத பொருள்களுக்கு உரியவை. அவற்றை அப்படியே கூட்டிக் குழந்தைகளின் உணவைக் கணக்கிட்டால், கணக்கில் நிறைவாகத் தோன்றும் சத்து தட்டில் குறைவாகவே இருக்கும்.

சத்து குறையும் விதம்

டப்பாவில் அடைக்குமுன் காய்கறிகள் கொதிநீரிலோ நீராவியிலோ சிறிது நேரம் வாட்டப்படுகின்றன. பின்னர் உப்புநீருடன் அடைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சூடேற்றுகின்றனர். புளிப்புக் குறைந்த காய்கறிகளுக்கு வழக்கமாக 121 டிகிரி சென்டிகிரேடு அளவு வெப்பம் தேவைப்படுகிறது; இல்லையேல் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் நுண்ணுயிரின் விதைகள் அழிவதில்லை. இவ்வெப்பமே வைட்டமின் சி, தயமின் ஆகியவற்றைக் குறைக்கிறது. நீரில் கரையும் சத்துக்களில் ஒரு பகுதி உப்புநீரிலும் கலந்துவிடுகிறது.

பச்சைப் பட்டாணி இதற்குத் தக்க சான்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைப் பட்டாணியில் 40 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. நீர் வடித்த டப்பாப் பட்டாணியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே எஞ்சுகிறது. தயமின் ஏறத்தாழப் பாதியாகிறது. சோடியமோ 5 மில்லிகிராமிலிருந்து 250-க்கு மேல் உயர்கிறது. புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. காரட்டிலுள்ள கரோட்டினும் வெப்பத்தை ஓரளவு நன்கு தாங்குகிறது. தக்காளியின் செந்நிறப் பொருளான லைக்கோபீனை, சிறிது எண்ணெயுடன் சமைத்தபின் உடல் இன்னும் எளிதாக ஏற்கிறது.

எதனோடு எதை ஒப்பிடுவது?

பட்டாணியை நாம் பெரும்பாலும் வேகவைத்தே உண்கிறோம். ஆகவே டப்பாப் பட்டாணியை, வீட்டில் வேகவைத்த பட்டாணியோடு ஒப்பிடுவதே நியாயமாகும். அவ்வாறு நோக்கினால் வேறுபாடு சுருங்குகிறது. வெயிலில் பல மணி நேரம் கிடந்து வாடிய கீரையும், நறுக்கியபின் கழுவி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிய காயும் தம் வைட்டமின் சியில் பெரும்பகுதியை இழந்தவையே.

களப்பணியாளர் கூறத்தக்கவை

அந்தந்தப் பருவத்தில் அருகே விளையும் காய்கறிகளையும் கீரைகளையும் முதலில் பரிந்துரைக்க வேண்டும். நறுக்குமுன் கழுவுதல், சிறிதளவு நீரில் மூடி வேகவைத்தல், வெந்த நீரைக் குழம்பில் சேர்த்தல் ஆகியன செலவில்லாத வழிகள். நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைப் பச்சையாக உண்டால், சமையலில் இழந்த வைட்டமின் சியை ஈடு செய்யலாம்.

புதிய காய்கறி கிட்டாத இடத்தில் டப்பாக் காய்கறியை ஒதுக்க வேண்டுவதில்லை. அதன் உப்புநீரை வடித்து, காயை ஒருமுறை அலசினால் உப்பு ஓரளவு குறையும். சமையலிலும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உப்பிய, கசியும் டப்பாக்களைச் சுவைத்தும் பார்க்கலாகாது.

2024-இல் ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிகளில், வளர்ந்தோர் ஒருவருக்கான மாதிரி உணவில் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி காட்டப்பட்டுள்ளது. அவ்வளவு காய்கறி நாள்தோறும் தட்டுக்கு வருவதே முதல் தேவை. வந்ததன் சத்தை வீணாக்காமல் காப்பது அதற்கடுத்த கடமை.