பீட்டி ரோட்டில் பிற்பகல் மூன்று மணி

மகளை அழைத்துச் செல்ல உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தின் வாசலில் காத்திருக்கும்போதெல்லாம் என் கண் சீருடைகளின்மேல்தான் போகும். வெள்ளை, நீலம், பச்சை என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பள்ளி. என் மகளின் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு கிடையாது. தமிழ் எடுப்போரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் பள்ளி முடிந்ததும் ரயிலேறி இங்கு வருகிறாள்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பள்ளி இருந்தது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் தொடங்கிய தமிழ்ப் பள்ளி அது. 1960ல் உயர்நிலை வகுப்புகளும் வந்தன. நாட்டில் தமிழில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி, மாணவர் சேர்க்கை குறைந்துபோய் 1982ல் மூடப்பட்டது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் தெரிந்தால்தான் நல்ல வேலை என்றிருந்த காலம். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்திருப்பேன். 1987ல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. தமிழ் ஒரு பாடமாக நின்றது.

ஆள் குறைந்தால் பள்ளி நிலைக்காது என்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தேக்காவுக்குப் பக்கத்திலேயே, விக்டோரியா லேனில் இருந்த ஸ்டாம்ஃபர்ட் தொடக்கப் பள்ளி 2023ல் ஃபேரர் பார்க் தொடக்கப் பள்ளியுடன் இணைந்தது. அதே ஆண்டில் நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 0.97க்கு இறங்கியது. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமிருக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் வேறு வட்டாரங்களிலிருந்து வருபவர்கள். அவர்களின் பிள்ளைகள் உட்லண்ட்சிலும் தெம்பனிசிலும் ஜூரோங்கிலும் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தீவெங்கும் சிதறியிருப்பதால், ஒரு பள்ளியில் ஒரு வகுப்புக்குக்கூட எண்ணிக்கை சேராமல் போகிறது.

தேர்வு முடிவு வந்ததும் தமிழில் என்ன மதிப்பெண் என்று கேட்கிறோம். உன் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். எங்கள் வீடும் அப்படித்தான், மறைப்பானேன். தமிழில் சிரிக்கவும் சண்டை போடவும் வகுப்பில் நாலு பேராவது வேண்டாமா?

போக வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இணையத்தில் தனி ஆசிரியர் வைத்துவிடலாமே என்று சென்ற மாதம் கேட்டுப் பார்த்தேன்.

“வேணாம்பா,” என்றாள். “ஸ்கூல்ல என் பேரைச் சரியா கூப்பிட ஒருத்தரும் இல்ல. இங்க எல்லாரும் சரியாக் கூப்பிடுறாங்க.”

அடுத்த தவணைக்கும் பீட்டி ரோடுதான்.