பிடிப்பது செடி, தின்பது பூச்சி

தென்னாப்பிரிக்காவின் கேப் மலைப்பகுதியில் ரொரிடூலா என்றொரு புதர்ச்செடி உண்டு. இலை முழுக்கச் சுரப்பி மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பிசின் துளி. வந்து உட்காரும் ஈ தப்புவது அரிது. லண்டன் க்யூ பூங்காவிலிருந்து உலர்ந்த மாதிரியை வரவழைத்துப் பார்த்த டார்வின், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-இல் வெளியிட்ட நூலில் இதையும் சேர்த்தார்.

சிக்கல் அந்தப் பிசினில்தான் இருந்தது. செரிமான நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். பூச்சியுண்ணும் இன்னொரு செடியான ட்ரோசெராவின் இலைத்துளி நீர் கலந்த பசை. ரொரிடூலாவுடையதோ நீரில் கரையாத பிசின். ஒட்டிய ஈயை இந்தச் செடியால் செரிக்க முடியாது. ஆகவே இது வெறும் கொலைகாரச் செடி என்று சொல்லிப் பூச்சியுண்ணும் தாவரங்களின் பட்டியலிலிருந்து நீக்கியவர்கள் உண்டு.

ஆனால் அதே இலைகளில் பமரிடியா என்ற சிறு பூச்சி ஒட்டாமல் ஓடித் திரிகிறது. அதன் உடலின் மேல் உள்ள எண்ணெய்ப்பசைதான் காப்பு. சிக்கிய ஈயை உறிஞ்சித் தின்றுவிட்டு இலைமேலேயே எச்சமிடுகிறது. ஆய்வாளர்கள் ஆலன் எல்லிஸும் ஜெரமி மிட்ஜ்லியும் நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு ஏற்றிய பழ ஈக்களை இந்தப் பூச்சிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நைட்ரஜன் செடிக்குள் வந்து சேர்ந்திருந்தது. 1996-இல் முடிவு வெளியானது. எச்சத்திலுள்ள சத்தை இலைத்தோலே உள்வாங்குகிறது என்பது பின்னர் தெளிவானது.

அப்படியானால் இது ஊனுண்ணியா? ஆம் என்பதே என் கருத்து. எந்தப் பூச்சியுண்ணும் செடியும் பசியாற ஈயைப் பிடிப்பதில்லை. மாவுச்சத்தை வெயிலிலேயே ஆக்கிக்கொள்கிறது. மண்ணில் போதிய அளவு கிடைக்காத தழைச்சத்தான நைட்ரஜனும் மணிச்சத்தும்தான் அதற்குத் தேவை. சொந்த நொதியை அளவுகோலாக வைத்தால், கொசுப்புழுக்களும் பாக்டீரியாக்களும் பெருமளவு செரித்துக் கொடுக்கும் வட அமெரிக்கக் குடுவைச்செடி சரசீனியாவையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது போர்னியோவின் நெப்பந்தஸ் லோவி என்ற குடுவைக்கொடி. முதிர்ந்த கொடியின் மேல்குடுவைகளில் பூச்சி விழுவது குறைவு. மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க வரும் மர மூஞ்சூறு குடுவைக்குள் எச்சமிட்டுப் போகிறது. இலையின் நைட்ரஜனில் பாதிக்கும் மேல் அதிலிருந்து வருகிறது. இளம் கொடியின் தரைக்குடுவை மட்டும் பூச்சி பிடிக்கிறது. ஒரே கொடி, வயதுக்கேற்ப இரண்டு பிழைப்பு!

ரொரிடூலாவின் கூட்டும் நிலையானதல்ல. பமரிடியா செடியின் சாற்றையும் உறிஞ்சும். அது அளவுக்கு மீறிப் பெருகினால் செடிக்கு நட்டம்தான். அதே இலைகளில் வாழும் ஒரு சிலந்தி பமரிடியாவைத் தின்று அதன் எண்ணிக்கையைக் குறைக்கிறது.