கேட்டுவிட்டுக் கொடுத்த ஆசிரியை



வேல்ஸ் நாட்டில் பிறந்து, லண்டனில் ஆசிரியையாகப் பணியாற்றியவர் ஆன் காட்டன். 1991இல் அவர் ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டிலுள்ள மோலா கிராமத்துக்குச் சென்றார். அங்கே பெண்பிள்ளைகள் ஏன் மேல்வகுப்புக்குப் போவதில்லை என்று அறிவதே அவருடைய நோக்கம். ஊர் வழக்கம்தான் காரணம் என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

பெற்றோர் சொன்னது வேறு. எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணம் கட்டப் பணமில்லை. படித்தபின் வேலை கிடைக்கும் வாய்ப்பு மகனுக்கே அதிகம். அதனால் மகனை அனுப்புகிறோம் என்றார்கள்.

வழக்கம் காரணமென்றால் புத்தி சொல்லலாம். வறுமை காரணமென்றால் கட்டணம் கட்டத்தான் வேண்டும். ஆன், கேம்பிரிட்ஜ் சந்தையில் வீட்டில் செய்த கேக் விற்றுப் பணம் சேர்க்கத் தொடங்கினார். முதலில் 32 பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். 1993இல் 'கேம்ஃபெட்' தொண்டு நிறுவனம் உருவானது. உதவி யாருக்குத் தேவை என்பதை அந்தந்த ஊர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த குழுக்கள் தீர்மானிக்கின்றன.

தொடக்கத்தில் உதவி பெற்ற மாணவியரில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வா, பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைமை நிர்வாகியானார்.

நம் வீடுகளிலிருந்தும் ஊர்ப் பள்ளிகளுக்குப் பணம் போகிறது. அடுத்த முறை அனுப்புமுன் அங்குள்ள ஆசிரியர் ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். பிள்ளைகள் எதனால் பள்ளிக்கு வராமல் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சீருடையாக இருக்கலாம், பஸ் காசாக இருக்கலாம். தெரிந்துகொண்டு கொடுப்போம்.