ஒரு வெல்டு, ஒரு பில்: கேஸ் குழாய் போடும் குடும்பங்கள் வாழ்ந்த கதை, வீழ்ந்த கதை!

ஒரகடம் பக்கம் ரோட்டோரத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி, குழாய் இறக்க ஆரம்பித்தால் போதும். எதிர் டீக்கடையில் கூட்டம் கூடிவிடும்.

"என்னண்ணே, தண்ணி பைப்பா?"

"தண்ணி எங்கப்பா வருது? இது கேஸ் பைப்பு!"

இரண்டு நாளில் பள்ளம் மூடப்படும். மூன்றாம் நாள் அதன் மேல் மண் லாரி நிற்கும். மிஞ்சுவது ஓர் எச்சரிக்கைப் பலகை மட்டுமே. கம்பெனி பஸ்ஸில் தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாலம் கட்டினால் கல்வெட்டு வைப்பார்கள். வீடு கட்டினால் மேஸ்திரி பெயரை ஊர் சொல்லும். குழாய் போட்டவன் பெயர் மட்டும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும்.

அப்படிப்பட்ட தொழிலை அப்பா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக நடத்திய குடும்பங்கள் உலகத்தில் உண்டு. சில நிமிர்ந்து நிற்கின்றன. சில கவிழ்ந்து போயின. இந்தத் தொழிலைக் கவிழ்ப்பவை இரண்டே இரண்டு. ஒன்று, சரியாக ஒட்டாத வெல்டு. இன்னொன்று, சரியான நேரத்தில் வராத பில்!

எண்ணூரில் இறங்கும் கேஸ்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலை வந்தது நேற்று இன்றல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2000-ல் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை திறந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு வந்து சேர்ந்தது.

தொழிற்சாலை என்றால் நெருப்பு வேண்டும். காருக்கு அடித்த பெயிண்டைக் காய வைக்கவும், கண்ணாடியை உருக்கவும், பாய்லரில் ஆவி எடுக்கவும் எரிபொருள் வேண்டும். கண்ணாடி உலையை மூட்டிவிட்டால் வருஷக்கணக்கில் அணைக்க முடியாது. பெரும்பாலும் டீசலும் பர்னஸ் ஆயிலும் சிலிண்டர் கேஸும்தான் அந்தப் பசியைத் தீர்த்து வந்தன.

அதற்கு மாற்றாக வந்ததுதான் எண்ணூர் கேஸ். இந்தியன் ஆயில் கூட்டுக் கம்பெனியின் இறக்குமதி நிலையம் அங்கே 2019-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் அதுதான் முதல் நிலையம். ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கலாம்.

கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால் அது திரவமாகி, 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கப்பலில் அப்படித்தான் வருகிறது. எண்ணூரில் மறுபடி சூடாக்கி, வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள்.

அந்தக் குழாய் திருவள்ளூர், பெங்களூர், புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று 1,400 கிலோமீட்டருக்கு மேல் போகும்படி போடப்பட்ட திட்டம். அதில் எண்ணூர்–செங்கல்பட்டு பகுதி 115 கிலோமீட்டர். திருவள்ளூர்–பெங்களூர் பகுதி 271 கிலோமீட்டர். இரண்டும் 2022-ம் ஆண்டு மே 26-ந் தேதி சென்னையில் நடந்த விழாவில் அர்ப்பணிக்கப்பட்டன.

9,500 ஜாயிண்டு!

115 கிலோமீட்டர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். போட்டுப் பார்த்தால் தெரியும் சங்கதி!

ஒரு குழாயின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். அந்தக் கணக்கில் 115 கிலோமீட்டருக்குச் சுமார் 9,500 ஜாயிண்டு வரும். அத்தனையையும் வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டும். 9,499 சரியாக இருந்து ஒன்று மட்டும் சொத்தையாக இருந்தாலும் மொத்த வேலையும் சொத்தைதான்.

அதனால்தான் வெல்டர் அடித்த ஜாயிண்டை அப்படியே விடுவதில்லை. மனிதனுக்கு எக்ஸ்ரே எடுப்பது போல ஜாயிண்டுக்கும் படம் எடுக்கிறார்கள். உள்ளே மயிரிழை விரிசல் தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். வெல்டருக்குக் கெட்ட பெயர், காண்டிராக்டருக்கு நஷ்டம்.

பிறகு துருப் பிடிக்காமல் இருக்க மேல்பூச்சு. பூச்சில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் மின்பொறி விட்டுக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு. அதன் பிறகே பள்ளத்தில் இறக்குகிறார்கள். குழாய்க்கு மேல் குறைந்தது 1 மீட்டர் மண் இருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் ஏரிகள் நிறைந்த சீமை. ஏரி, ஆறு, பெரிய ரோடு, ரெயில் பாதை குறுக்கே வந்தால் பள்ளம் வெட்ட முடியாது. இந்தக் கரையில் துளை போட்டு, அடியில் புகுந்து, அந்தக் கரையில் தலை காட்டும் மிஷின் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் குழாயில் தண்ணீரை ஏற்றி, கேஸ் ஓடப்போகும் அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்தில் 24 மணி நேரம் வரை வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஒரு ராத்திரி காண்டிராக்டருக்குத் தூக்கம் வராது.

இந்தப் பயம் சும்மா அல்ல. 2014-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் கேஸ் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். குழாய் வேலையில் 'பரவாயில்லை, விடு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

கழுதையோடு தொடங்கிய குடும்பம்

இந்த வேலையைக் குடும்பத் தொழிலாக நடத்தியவர்களில் உலகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் பெக்டெல் குடும்பம்.

வாரன் பெக்டெல் என்பவர் 1898-ல் கோவேறு கழுதைகளை வைத்துக்கொண்டு ரெயில் பாதைக்கு மண் அடித்துக் கொடுத்தார். அதுதான் ஆரம்பம். அவருடைய மகன் ஸ்டீபனுக்குக் குழாய் வேலையில் ஒரு கண். 1929-ல் கலிபோர்னியாவில் அந்தக் கம்பெனி இயற்கை எரிவாயுக் குழாய் போட்டது.

1933-ல் மாஸ்கோ போன இடத்தில் தகப்பனார் இறந்தார். மகன் பொறுப்புக்கு வந்தார். சவூதி அரேபியாவிலிருந்து மத்தியதரைக் கடல் வரை பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் போட்ட வேலையில் அந்தக் கம்பெனிக்குப் பெரும்பங்கு உண்டு. 1950-ல் அது முடிந்தது.

அடுத்து பேரன், கொள்ளுப்பேரன். 2016-ல் ஐந்தாம் தலைமுறை பிரெண்டன் பெக்டெல் தலைமைப் பதவிக்கு வந்தார். நடுவில் வெளியார் அந்த நாற்காலியில் இருந்ததும் உண்டு. கம்பெனி இன்றுவரை பங்குச் சந்தைக்கு வரவில்லை.

அந்தக் கம்பெனிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு கசப்பான கணக்கு உண்டு. மராட்டியத்தில் தாபோல் மின்நிலையத்தை என்ரான், ஜெனரல் எலக்ட்ரிக்கோடு சேர்ந்து கட்டியது பெக்டெல்தான். மின்சாரத்துக்குப் பணம் தருவதில் மின்வாரியத்தோடு தகராறு முற்றி, 2001-ல் மின்நிலையம் நின்றுபோனது. அதே வருஷம் டிசம்பரில் என்ரான் திவாலானது.

பெக்டெல் தப்பித்தது. அணை, சுரங்கம், விமான நிலையம், குழாய் என்று பல கூடையில் அதன் முட்டை இருந்தது. ஒரு பில் வராததால் வீடு இடிந்துவிடவில்லை.

காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள். அமெரிக்காவில் சபைன் பாஸ் என்ற இடத்தில் பெக்டெல் கட்டிய கேஸ் ஆலையிலிருந்து 2018 மார்ச்சில் இந்தியாவுக்குக் கப்பல் வந்தது. அது வந்து நின்ற துறைமுகம் எது தெரியுமா? அதே தாபோல்!

நம் நாட்டுக் குடும்பம்

இந்தியாவில் கேஸ் குழாய்க்குப் பெரிய வேலை வந்தது 1980-களில். 1984-ல் 'கெயில்' நிறுவனம் தொடங்கியது. குஜராத் ஹசீராவிலிருந்து உத்தரப்பிரதேசம் ஜகதீஷ்பூர் வரை நீண்ட குழாய் போடப்பட்டது. அந்தப் பெரிய வேலை வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில் இருந்தது.

'நாமே போட்டால் என்ன?' என்று இறங்கிய இந்தியக் குடும்பங்களில் ஒன்று டெல்லியின் புஞ்ச் குடும்பம். தகப்பனார் எஸ்.என்.பி. புஞ்ச் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர். மகன் அதுல் புஞ்ச் 1988-ல் பதிவான கம்பெனியைக் குழாய் வேலையில் ஓட்டினார். பிறகு அதற்கு 'புஞ்ச் லாயிட்' என்று பெயர் நிலைத்தது.

கம்பெனி வளர்ந்தது சாதாரண வளர்ச்சி அல்ல. அஜர்பைஜானிலிருந்து துருக்கிக் கடற்கரை வரை போன எண்ணெய்க் குழாயில், துருக்கிப் பகுதியில் ஒரு பங்கு வேலையை அங்குள்ள கம்பெனியோடு சேர்ந்து செய்தது. குழாய் போட வெளிநாட்டானைக் கூப்பிட்ட நாட்டிலிருந்து, வெளிநாட்டுக்குப் போய்க் குழாய் போட ஆள் கிளம்பியது!

2006-ல் சிங்கப்பூரின் செம்பவாங் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அதோடு இங்கிலாந்தின் சைமன் கார்வ்ஸ் கம்பெனியும் கைக்கு வந்தது.

அங்கேதான் சறுக்கல். 2011-ல் சைமன் கார்வ்ஸ் கடனில் மூழ்கியது. அதே 2011-ல் லிபியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கே கம்பெனிக்குப் பெரிய வேலைகள் இருந்தன. வேலை நின்றது. வர வேண்டிய பணமும் நின்றது. வங்கி வட்டி மட்டும் நிற்கவில்லை.

2019 மார்ச்சில் திவால் சட்டத்தின் கீழ் கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனது. மீட்க யாரும் வந்து சேராமல், 2022-ல் கலைத்துவிட உத்தரவானது.

எண்ணூர்–செங்கல்பட்டுக் குழாய்க்கு விழா நடந்ததும் அதே 2022-ம் ஆண்டில்தான்!

புஞ்ச் லாயிட் கவிழ்ந்தது குழாய் ஒழுகியதால் அல்ல, பணம் ஒழுகியதால்.

ஒரகடத்துக்கு என்ன பாடம்?

பெக்டெல் எங்கே, ஒரகடம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் இந்த வட்டாரத்திலும் குடும்பக் கணக்கு ஒன்று ஓடுகிறது.

தொழிற்பேட்டைக்கு நிலம் போன பிறகு ஜே.சி.பி. வாங்கியவர்கள், டிப்பர் லாரி வாங்கியவர்கள் இங்கே உண்டு. அப்பா வாங்கிய வண்டியை மகன் ஓட்டுகிறான். அண்ணன் பள்ளம் எடுத்தால் தம்பி மண் அள்ளுகிறான். பெரிய கம்பெனி, அதற்கு ஒரு காண்டிராக்டர், அவருக்கு ஒரு சப் காண்டிராக்டர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று போகும் ஏணியில் கடைசிப் படியில் நிற்பது இந்தக் குடும்பங்கள்தான்.

மேலே பில் ஒரு மாதம் தாமதம் ஆனால் கீழே மூன்று மாதம் ஆகும். அதிலும் ஒரு பகுதியைப் 'பிடித்தம்' என்று நிறுத்தி வைப்பார்கள். வேலையில் குறை வரவில்லை என்று தெரிந்த பிறகே அது கைக்கு வரும். ஆனால் டீசல் பங்க் கடன் சொல்லாது. வண்டிக்கு டியூ மாதா மாதம் வந்து நிற்கும்.

சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கட்டுமான காண்டிராக்டுக்கு அது பொருந்துமா, பொருந்தாதா என்று கோர்ட்டுகளில் வாதம் நடந்திருக்கிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி வண்டி வாங்கினால் தலையில் துண்டுதான். எழுத்தில் ஒப்பந்தம், அளவெடுத்த அன்றே கையெழுத்து, ஒரே பார்ட்டியிடம் எல்லா வேலையும் வைத்துக்கொள்ளாமை. இந்த மூன்றும்தான் கைகொடுக்கும்.

தோண்டும் முன் கவனம்!

ஊர்க்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய குழாய் போகும் நிலம் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். ஆனால் 1962-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது. கிணறு வெட்டக்கூடாது. மரம் வைக்கக்கூடாது.

கேபிள் போட வருகிறவர்களும், போர் போடுகிறவர்களும் பலகையில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தோண்டுவது நல்லது. ஜே.சி.பி.யின் ஒரு பல் பட்டால் போதும், 9,500 ஜாயிண்டைப் பார்த்துப் பார்த்து ஒட்டியது வீணாகிவிடும்.

சிலிண்டர் கேஸ் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். குழாய் கேஸ் காற்றைவிட லேசானது, மேலே ஏறும். கசிந்தால் தெரிவதற்காகத்தான் ஊருக்குள் வரும் கேஸில் நாற்றம் கலக்கிறார்கள். வாடை வந்தால் பீடி, சிகரெட்டை அணைத்துவிட்டு விலகி நின்று தகவல் சொல்ல வேண்டும்.

சாயங்கால ஷிப்ட் விட்டாயிற்று. டீக்கடையில் மறுபடி கூட்டம். பள்ளம் இருந்த இடம் தெரியாமல் மண் மட்டமாகிவிட்டது. ஜே.சி.பி.க்காரரைப் பார்த்து யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை:

"பள்ளத்தை மூடியாச்சு, சரி. பில்லு பாஸ் ஆச்சாண்ணே?"